மறதி போடாத தண்ணீர்

பதினெட்டு நிமிடம். அந்த ஒரே எண்ணால் ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பேர் போனது. அக்கா புருஷனின் பேர் நாலு ஊருக்குப் போனது. துறையில் அவரைத் தெரியாதவர் இல்லை என்றானது. கொழுந்தியாளின் பேரும் போனது. அது போன இடம்தான் தெரியவில்லை.

கொழுந்தியாளுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைக் காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் அவளுடைய அறை. உள்ளே அலமாரி உயரத்துக்கு ஒரு காந்தக் கருவி. கதவுக்கு வெளியே ஒரு தகரத் தட்டு. உள்ளே போகிறவர்கள் சாவி, வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். "இந்த ரூமுக்குள்ள வந்தா மனுஷனுக்கு பேண்ட் மட்டும்தான் மிச்சம். அதையும் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கணும்" என்பார் வால்வு. வால்வு என்பவர் அழுத்தக் குழாய்களையும் வாயு சிலிண்டர்களையும் பார்த்துக்கொள்பவர். ஐம்பது தாண்டியவர், பெல்ட் இல்லாமல் பேண்ட் நிற்காத உடம்பு.

காந்தம் படிப்பது ஹைட்ரேட் என்ற பொருளை. பார்க்க ஐஸ் மாதிரி இருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் எரியும். குளிரும் அழுத்தமும் சேரும்போது தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்டி, மீத்தேன் வாயுவை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். கடலடி வண்டலில் இது இயற்கையாகவே கிடக்கிறது. பல வருஷம் அந்தச் சேற்றையும் மணலையும்தான் அவள் காந்தத்துக்குள் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நிலக்கரிக்கு வந்தாள். சுரங்கத்தில் கரிச்சுவருக்குள் அடைந்து கிடக்கும் வாயு திடீரென்று பீறிட்டால் உள்ளே நிற்பவர்கள் பிழைப்பதில்லை. குளிர்ந்த பிரதேசத்துச் சுரங்கங்களில் அந்தச் சுவருக்குள் குளிர்நீரை அழுத்தி ஏற்றி, வாயுவை ஹைட்ரேட்டாகக் கட்டிப்போட முடியுமா? எவ்வளவு நேரத்தில் கட்டும்? கேள்வி இவ்வளவுதான்.

கரியைப் பிளந்து பார்த்தால் எல்லாம் கலைந்துவிடும். அதனால்தான் காந்தம். ஆஸ்பத்திரியில் தலைக்குள் படமெடுக்கிற அதே வித்தை. திரவமாக இருக்கிற தண்ணீரைத் தட்டினால் அது பதில் சொல்லும். அந்தப் பதில் திரையில் ஒரு கோடாக ஓடும். அதே தண்ணீர் கெட்டியாகிவிட்டால், கருவி காது கொடுப்பதற்குள் பதில் அடங்கிவிடும். கோடு இறங்கினால் உள்ளே ஏதோ உறைகிறது என்று அர்த்தம். இல்லாமல் போவதை வைத்துத்தான் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு தடவை ஹைட்ரேட்டாகி உருகிய தண்ணீர் அதை மறப்பதில்லை. முதல் தடவை கூண்டு கட்ட ஒரு பகல் முழுக்கச் சோம்பிக் கிடக்கும் தண்ணீர், உருக்கிவிட்டு மறுபடி அழுத்தினால் சட்டென்று கட்டிவிடும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வழி மட்டும் எல்லோருக்கும் தெரியும்: நன்றாகச் சூடு காட்டி வைத்தால் மறந்துபோகும். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்குப் பேர் மறதி போடுவது. "மறதி போட்டாச்சா?" என்று கேட்காமல் அங்கே யாரும் ஒரு சோதனை ஓட்டம் தொடங்குவதில்லை. தொடங்கக் கூடாது.

அவளும் தண்ணீரின் ஞாபகத்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். புதுக் கரி, புதுத் தண்ணீர். காலையில் ஏற்றிய அழுத்தத்துக்கு மாலையில்தான் கோடு இறங்கியது. வாயுவைத் திறந்துவிட்டு, கூண்டை உருக்கி, சூடே காட்டாமல் மறுநாள் அதையே மறுபடி ஓட்டினாள். பதினெட்டு நிமிடம். கோடு படியிலிருந்து உருண்ட பந்து மாதிரி விழுந்தது. அதைப் பொதுக் கணினியில் போட்டுவிட்டு, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தாள். அன்று மாலை அக்காவுக்குப் பித்தப்பையில் வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அக்காவின் கட்டிலடியில் இரண்டு வாரம் தரையில் படுத்தது காந்தம்தான். அதே ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு மேலே இருந்த அத்தானுக்கு வேலை நெருக்கடி. வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இவள் அக்காவின் வயிற்றிலிருந்து வரும் குழாயின் பையை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பொதுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு கருத்தரங்கில், "நிலக்கரி வாயுவைப் பதினெட்டு நிமிடத்தில் பூட்டுகிறது" என்று அதைத் திரையில் காட்டினார். கடைசியில் நன்றி சொல்லும்போது "தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும்" என்றார். அதில் வால்வும் உண்டு, தரை துடைக்கிறவரும் உண்டு, காந்தமும் உண்டு.

"பாத்தியா, நானும் ஆராய்ச்சியாளன் ஆயிட்டேன்" என்றார் வால்வு. பிறகு அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அவள் குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில். சாப்பாடு கீழே, ஒரே மேஜையில். அன்று கேட்டாள்.

"அத்தான், அந்த ஓட்டம் நான் ஓட்டுனது."

அவர் சிரித்தார். "யாரு இல்லேன்னா? குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் பேரு என் பேரு? யாருக்குப் பேரு வந்தா என்ன, வர்றது இந்த வீட்டுக்குத்தானே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் ஆராய்ச்சிக்கூட வராந்தாவில் அவரைப் பார்த்து, இன்னும் விளக்கமாகச் சொல்லலாம் என்று "அத்தான்" என்று கூப்பிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இங்க அத்தான் நொத்தான் எல்லாம் வேண்டாம். சார்னு கூப்பிடு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார்.

வீட்டில் பேர் கிடையாது. வேலையிடத்தில் உறவு கிடையாது. எந்தக் கதவைத் தட்டினாலும் அவர் இன்னொரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அன்றைக்குத்தான் அவள் கறுவிக்கொண்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "சரிங்க சார்" என்றாள். அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் மறந்தும் அத்தான் என்று சொன்னதில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அது இரண்டாம் ஓட்டம், மறதி போடாதது என்று அவள் அவரிடம் சொல்லவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கேட்காதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

அதற்குள் அவர் துறைத் தலைவரானார். யாராவது வந்தால், "அதே மாதிரி ஒண்ணு ஓட்டிக் காட்டும்மா" என்பார். மறதி போட நேரம் பிடிக்குமே என்று ஒரு தடவை அவள் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா வந்தவங்க தூங்கிடுவாங்க. நேரா ஓட்டு." அவள் நேராக ஓட்டினாள். ஏற்கெனவே கட்டி உருகிய கரி. பதினேழு, பத்தொன்பது, பதினெட்டு என்று கோடு விழுந்துகொண்டே இருந்தது. திரையில் அழுத்தத்துக்கு ஒரு கோடும் உண்டு. அதை அவரே எடுக்கச் சொன்னார். "ரெண்டு கோடு இருந்தா விருந்தாளிங்க குழம்பிடுவாங்க." எடுத்தாள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவர் இன்னும் ஒரு படி மேலே ஏறினார். உயரமாக ஏறட்டும் என்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாடியறையில் தனியாகச் சாப்பிடும் நாட்களில் அவளுக்கு அதுதான் ருசி. எந்த நாள், யார் முன்னால், எந்த வார்த்தையில். ஆளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஏணியை விட்டால் போதும்.

ஒரு நாள் ஒரு சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கட்டையான உருவம், கத்தரித்த தலைமுடி. முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய பெண்மணி. தகரத் தட்டில் சாவிக்கொத்தையும் ஒரு விசிலையும் கழற்றி வைத்தார்.

"எதுக்கு மேடம் விசிலு?" என்றார் வால்வு.

"உள்ள மாட்டிக்கிட்டா ஊதறதுக்கு. மாட்டினது இல்ல. ஆனா எடுத்து வச்சா தூக்கம் வராது."

அவர் பதினெட்டு நிமிடத்தைப் பற்றிப் படித்திருந்தார். தன் சுரங்கத்தில் அதைச் செய்யப் போவதாகச் சொன்னார். அத்தான் பெருமையில் நெளிந்தார். "தண்ணியை ஏத்திட்டு நாங்க அரை மணி நேரம் வெளிய நிப்போம்" என்றார் அதிகாரி. "பதினெட்டுக்கு மேல ஒரு பன்னிரண்டு, பத்திரத்துக்கு. அப்புறம் ஆளுங்களை உள்ள அனுப்பிடுவோம். சரியா வருமா சார்?"

"தாராளமா வரும்" என்றார் அத்தான்.

காந்தத்துக்குப் பதறியது. அரை மணியில் அந்தச் சுவரில் எதுவும் பூட்டியிருக்காது. பகல் முழுக்கப் பூட்டியிருக்காது. இவ்வளவு நாள் அவள் ஆடிய ஆட்டத்தில் அவரும் அவளும் மட்டும் இருந்தார்கள்; இப்போது அதற்குள் முகம் தெரியாத ஒரு கூட்டம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தது. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு ஒரு நொடி முன்னால் அவளுக்கு வந்தது வேறொன்று. வந்துவிட்டது நாள், என்ற சந்தோஷம். எது முதலில் வந்தது என்பதை அவள் பிற்பாடும் தன்னிடம் மாற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். கரி தன் சுரங்கத்திலிருந்து வரும். தன் கண் முன்னால் நிரப்ப வேண்டும். ஓட்டத்தைச் சுரங்கத்து ஆட்கள், இயக்குநர், ஆராய்ச்சிக்கூடத்தார் எல்லோரும் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். குறித்த நாளுக்கு முந்தின மதியம் கரி வந்தது. வால்வும் காந்தமும் அதை ஈரமாக்கி, விரல் நீளக் குழலில் இறுக்கி நிரப்பினார்கள். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, மூடிமேல் தன் கையெழுத்திட்ட நாடாவை ஒட்டினார். "நாளைக்குப் பதினோரு மணிக்குப் பாப்போம்" என்று போனார்.

அவர் போனதும் அத்தான் கதவைச் சாத்தினார். வால்வு டீ குடிக்கப் போயிருந்தார்.

"இன்னைக்கே ஒரு தடவை ஓட்டி வச்சிடு."

காந்தம் நிமிர்ந்தாள்.

"நாடாவைப் பிரிக்க வேண்டாம். கேஸ் லைன் தனியாத்தானே இருக்கு? அழுத்தத்தை ஏத்தி விட்டுடு, ராத்திரி அது பாட்டுக்குக் கட்டிக்கும். காலைல வந்து உருக்கி வச்சிடு. சூடு காட்டாத. பதினோரு மணிக்கு நாம ஓட்டுறப்ப டக்குனு விழும்."

ஆக, அவருக்குத் தெரியும்.

தெரியாமல் எடுத்துக்கொண்டார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். முட்டாள் என்று நினைத்து உள்ளூரச் சிரித்திருந்தாள். 'மறதி வேண்டாம், நேரா ஓட்டு' என்று அவர் சொன்னது சோம்பல் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. கைகட்டி நிற்கிற கூட்டாளி என்றே அவளைக் கணக்கில் எடுத்திருந்தார். ஏணியைப் பிடித்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள்; அவளையே ஏணியாக மிதித்துக்கொண்டிருந்தார்.

"அரை மணில ஆளை உள்ள அனுப்புவாங்களாம் சார்."

"அது அவங்க நிலத்துல அவங்க பாத்துப்பாங்க. அங்க ஆயிரம் சோதனை இருக்கு. நாம வித்தையைத்தான் காட்டறோம்." பிறகு தோளை லேசாகத் தட்டினார். "அடுத்த கட்டுரைல உன் பேருதான் முதல்ல. போதுமா?"

அவள் அழுத்தத்தை ஏற்றினாள்.

சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்தாள். அக்கா மாடிப்படி ஏறுவதே அபூர்வம். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வாங்கும். கையில் மூடிய தட்டு. அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பேச வந்ததைப் பேச அவளுக்குக் கையில் துணி வேண்டும்.

"ஏண்டி, உன் பேரைத்தான் முதல்ல போடறேன்னு சொல்லிட்டாராமே."

"சொன்னாரு."

"நீ கேட்டது அதானே? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கேட்டப்ப குடுக்கலையே."

"அப்ப அவருக்கு நெருக்கடி."

"அப்ப உனக்கு வயித்துல குழாய். பையை யாருக்கா மாத்துனா?"

அக்காவின் கை நின்றது. "அதைச் சொல்லிக் காட்டாதடி."

"உனக்குச் சொல்லிக் காட்டலை. அவருக்குச் சொல்றேன்."

"அவரு வேற நான் வேறயா?" என்றாள் அக்கா. "அவருக்கு ஒண்ணு ஆனா எனக்கு ஆகாதா? நாளைக்கு நீ ஏதாவது ஏடாகூடமா பண்ணி வச்சேன்னா, இந்தப் படியை நான் திரும்ப ஏற மாட்டேன். பாத்துக்க."

அக்கா போகும்போது, "சாப்பிட்டுட்டு தட்டைக் கழுவி வை" என்றாள். நல்ல பசி. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தட்டையும் கழுவி வைத்தாள்.

காலையில் அவள் போனபோது திரையில் கோடு தரையோடு கிடந்தது. கரி கட்டியிருந்தது. சிறிது நேரத்தில் அத்தான் வந்தார், புதுச் சட்டையில். கோட்டைப் பார்த்தார். "நல்ல பொண்ணு" என்றார். "இப்ப உருக்கிடு. நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் தேய்ந்தது. காந்தம் வாயுவைத் திறந்து கூண்டை உருக்கினாள். கோடு மெல்ல எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. பிறகு குளிரூட்டியின் முன்னால் மண்டியிட்டு, அதன் குமிழைப் பிடித்தாள். கரிக் குழலைச் சுற்றி ஓடும் எண்ணெயைக் குளிர வைப்பதும் சூடாக்குவதும் அந்தக் குமிழ்தான். அவள் அதை வலது பக்கம், போகிற மட்டும் திருப்பினாள்.

வால்வு பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மறதியா போடற?"

"ஆமா."

"சார் வேண்டாம்னு சொல்லலையா?"

"விதியில போடணும்னுதானே இருக்கு?"

வால்வு பேண்டை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான் டீ குடிக்கப் போறேன்" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெறும் தொழில்நுட்பப் பணியாளர்."

பதினோரு மணிக்கு அறை நிறைந்துவிட்டது. தட்டில் இடமில்லாமல் பெல்ட்டுகள் தரையில் பாம்புக் குட்டிகளாகக் கிடந்தன. எண்ணெய் மறுபடி குளிர்ந்திருந்தது, நாடா பிரியாமல் இருந்தது. அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அத்தான் ஒரு சின்னச் சொற்பொழிவு செய்துவிட்டு, கையைத் தூக்கி, "தொடங்கலாம்" என்றார். வால்வு அழுத்தத்தை ஏற்றினார்.

கோடு நேராக ஓடியது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அத்தான் கூட்டத்தைப் பார்த்தார், பழக்கம். பத்து நிமிடமானது. "இப்ப பாருங்க" என்றார். பதினைந்தானது. யாரோ இருமினார்கள். பதினெட்டு வந்தது, போனது. கோடு வரப்பு மாதிரி நேராகக் கிடந்தது. அத்தான் நடந்து வந்து காந்தத்தின் பக்கத்தில் நின்று, உதடு அசையாமல் கேட்டார்.

"மறதி போட்டியா?"

"போட்டேன் சார்."

"உன்னை யாரு போடச் சொன்னா?"

"விதி, சார்."

அவர் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் இத்தனை நாள். பார்வையை எடுக்க மனம் வரவில்லை. அரை மணியானது. அதிகாரி தன் வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்நேரம் எங்க ஆளுங்க உள்ள போயிருப்பாங்க" என்றார், யாரிடமும் இல்லாமல்.

டீ வந்தது. அந்த இடைவெளியில் அத்தான் சாதாரணமாக நடப்பவர் போலக் குளிரூட்டியிடம் போனார். "சில கரிக்குக் கொஞ்சம் தூண்டுதல் வேணும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே குமிழை இடது பக்கம் திருப்பினார். மேலும் திருப்பினார். பூஜ்யத்துக்குக் கீழே, வெகு கீழே. பிறகு தன் இளம் வயது, தான் பட்ட சிரமங்கள் என்று பேசிக்கொண்டே போனார். கூட்டம் கோப்பைகளோடு கேட்டது. திடீரென்று கோடு விழுந்தது. தடாலென்று, அடிவரைக்கும்.

"பாத்தீங்களா!" என்றார்.

கைதட்டினார்கள். இயக்குநர் எழுந்து நின்று தட்டினார். அத்தானின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. அவர் காந்தத்தைப் பார்த்த பார்வையில், உன்னை வீட்டில் வைத்துப் பேசிக்கொள்கிறேன் என்பது இருந்தது.

பூஜ்யத்துக்குக் கீழே போனால் தண்ணீர் உறையும். குழந்தைக்கும் தெரியும். வெறும் ஐஸ். ஐஸானாலும் கோடு விழும், ஹைட்ரேட்டானாலும் கோடு விழும். காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசத்தைச் சொல்லக்கூடியது அழுத்தம். ஹைட்ரேட்டானால் வாயு கூண்டுக்குள் போய்விடும், அழுத்தம் சரியும். ஐஸானால் வாயு இருந்த இடத்திலேயே இருக்கும். அழுத்தக் கோட்டைத் திரையிலிருந்து அவரே எடுக்கச் சொன்னார். ஆனால் சுவரில் வால்வு பார்த்துக்கொள்ளும் பெரிய வட்ட அழுத்தமானி இருந்தது. அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். அடங்கியதும், மேஜையில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டாள்.

"அத்தான், பிரஷர் ஏன் இறங்கலை?"

அறையில் இரண்டு திகைப்பு ஒரே நேரத்தில் ஓடியது. பாதிப் பேர் மானியைப் பார்த்தார்கள். மீதிப் பேர் அவரைப் பார்த்தார்கள். முள் காலையில் வால்வு நிறுத்திய இடத்துக்கு ஒரு நூல் கீழே, குளிருக்குச் சுருங்கிய அளவுக்கு மட்டும் இறங்கி, அசையாமல் நின்றது.

"அத்தானா?" என்றார் அதிகாரி.

"எங்க அக்கா வீட்டுக்காரர் மேடம். இங்க அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதான் யாருக்கும் தெரியாது. பதினெட்டு நிமிஷம் நான் ஓட்டுனது. மறதி போடாத ரெண்டாவது ஓட்டம். அதுவும் யாருக்கும் தெரியாது. இப்ப விழுந்தது ஐஸ். உங்க கரி கட்டறதுக்கு ஒரு பகல் ஆகும். நேத்து ராத்திரி ஓட்டிப் பாத்தோம். அவ்வளவு நேரம் ஆகும்ங்கறதை மறைக்கத்தான் இன்னைக்குச் சூடு காட்ட வேண்டாம்னு சொன்னாரு."

"பொய்!" என்றார் அத்தான். "இவளுக்கு என் மேல..."

"பொய்யா இருந்தா முள்ளை இறக்கிக் காட்டுங்க" என்றார் வால்வு மூலையிலிருந்து. அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்க்கவில்லை போல, உடனே பேண்டைப் பிடித்துக்கொண்டார்.

அத்தான் கூட்டத்தைப் பார்த்தார். எவ்வளவோ வருஷமாகத் தனக்குக் கைதட்டிய கூட்டம், டீக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே போனார். தகரத் தட்டில் தன் பெல்ட்டைத் தேடி எடுக்க வெகுநேரம் ஆனது. அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. காந்தம் அதையும் முழுசாகக் கேட்டாள்.

அதிகாரி அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் நன்றி எதுவும் இல்லை.

"உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

"முதல்லேருந்தே."

"ஒரு போன் பண்ணியிருந்தா நான் அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். ஏன் சொல்லலை?"

சுரங்கத்து ஆட்களுக்காக என்று சொல்லியிருக்கலாம். பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் வாய்வரை வந்தன.

"நல்லா பெரிசா ஆகட்டும்னு இருந்தேன் மேடம்."

அதிகாரி எழுந்தார். "எங்க ஆளுங்க உயிரை வச்சா பெரிசாக்குன?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கேள்வி தைத்தது. தைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அறை காலியானதும் அவள் செய்த முதல் காரியம், மேஜையில் ஆறிக்கொண்டிருந்த அத்தானின் டீயை எடுத்துக் குடித்ததுதான். அவர் வாய் வைக்கவே இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது.

வால்வு குழலைக் கழற்றிக்கொண்டே, "ஒரு கைப்பிடி கரி மிச்சம் இருக்கு. என்ன பண்ண?" என்றார்.

"வைங்க."

"மூஞ்சில பூசறதுக்கு இன்னும் ஆள் இருக்கா?"

அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சத்தமாக.

வீட்டுக்குப் போனபோது மாடிப்படிக்கும் கீழ்வீட்டுச் சமையலறைக்கும் நடுவிலுள்ள கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கதவைத் தட்ட அவள் கையைத் தூக்கினாள். அப்புறம் கையை இறக்கிக்கொண்டு, வெளிப்படியைச் சுற்றி மேலே போனாள். கழுவி வைத்த தட்டு ஜன்னல் திட்டிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

விசாரணை முடியும்வரை அத்தானைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். தெரிந்துகொண்டே தப்பான ஓட்டங்களை ஓட்டியதற்காகக் காந்தத்தின் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சாவியைத் தகரத் தட்டில் அவளே போட்டாள். சுரங்கம் தண்ணீர் ஏற்றும் திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. அதன் கரியை வால்வும் வேறொரு ஆராய்ச்சியாளரும் புதிதாக ஓட்டுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் மறதி போட்டு, அழுத்தக் கோட்டையும் திரையில் வைத்து.

விசாரணை வருகிற திங்கட்கிழமை. காலையில் அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மதியத்துக்கு மேல் காந்தத்தை. இரண்டு பேரும் அதே வீட்டிலிருந்துதான் கிளம்புவார்கள்.